சளி மாத்திரையும் ஒரு போர்க்கப்பலும்

2014இல் ஒரு காலை, சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் கழிப்பறையில் கையில் பிளாஸ்டிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். கோப்பையின் பக்கவாட்டில் வெப்பநிலை காட்டும் சின்னப் பட்டை ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்து வேறு யாருடைய சிறுநீரையாவது பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றினால் அந்தப் பட்டை காட்டிக்கொடுத்துவிடுமாம். நான் ஒரு ஜாவா டெவலப்பர். அமெரிக்க வங்கி ஒன்றின் ப்ராஜெக்டில் என்னைப் போட்டிருந்தார்கள். கல்லூரிச் சான்றிதழ் சரிபார்ப்பு, முகவரி சரிபார்ப்பு, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து கடைசியாக இது. முந்தைய நாள் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எதுக்குடா யூரின் டெஸ்டு, சுகர் இருக்குன்னு சொன்னாங்களா?"

எனக்கு அன்று நல்ல சளி. மூக்கு ஒழுகிக்கொண்டே படிவத்தை நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம், நீங்கள் தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்னென்ன என்று கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையனிடம் கேட்டேன்.

"சளிக்கு மாத்திரை போட்டிருக்கேன், எழுதணுமா?"

"அதெல்லாம் எதுக்கு சார். அத அவங்க பாக்கவே மாட்டாங்க. சைன் மட்டும் போடுங்க."

போட்டேன். வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் யோசனை வந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்காரன் ஒருவன், எட்டாயிரம் மைல் தாண்டியிருக்கும் வங்கிக்காக வட்டிக் கணக்கு ப்ரோக்ராம் எழுதுவதற்கு எதற்குக் கோப்பையில் சிறுநீர் கழிக்க வேண்டும்? மேனேஜரிடம் கேட்டால் "க்ளையண்ட் பாலிசி பா" என்பார். க்ளையண்டுக்கு யார் பாலிசி?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். 1988இல் அமெரிக்க அரசின் ஒப்பந்த நிறுவனங்களுக்காக வந்த போதைப்பொருள் அற்ற பணியிடச் சட்டம் கிடைத்தது. அது பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் அப்படியொரு பழக்கத்துக்கு மரியாதை வாங்கிக்கொடுத்தது. அதற்கு முன்னால் 1986 செப்டம்பரில், மத்திய அரசு ஊழியர்களைச் சோதிக்கச் சொல்லி ரொனால்ட் ரீகன் போட்ட ஆணை. அதற்கும் முன்னால் அமெரிக்க ராணுவம். ராணுவத்தில் அது இறுகிய காலத்தைத் தேடிப் போனால் 1981ஆம் வருடமும், அட்லாண்டிக் கடலில் ஒரு கப்பலும், ஒரு நள்ளிரவும் வந்து நின்றன. இது நேர்கோடு கிடையாது, நடுவில் எத்தனையோ கிளைகள். ஆனால் ஒரு முனையில் என் கையிலிருந்த கோப்பையும், மறுமுனையில் தீப்பிடித்த ஒரு கப்பல் தளமும் இருந்தது உண்மை.

*

யூஎஸ்எஸ் நிமிட்ஸ். 1975இல் படையில் சேர்ந்த அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல், 330 மீட்டருக்கு மேல் நீளம். 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் போய்ப் பாலைவனத்தில் தோற்றுத் திரும்பிய நடவடிக்கைக்கு ஹெலிகாப்டர்கள் கிளம்பியது இந்தக் கப்பலிலிருந்துதான். அந்தப் பயணம் முடிந்து அது 1980 மே 26 அன்று நார்ஃபோக் துறைமுகத்துக்குத் திரும்பியபோது ஜனாதிபதி கார்ட்டரே வந்து வரவேற்றார். அதே வருடம் 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' என்ற ஹாலிவுட் படத்திலும் நிமிட்ஸ் வந்தது. மொத்தத்தில் அந்தக் கப்பல் ஒரு நட்சத்திரம்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1981 மே 26. ஃபுளோரிடா கரைக்கு அப்பால் பயிற்சி. போர் எதுவும் இல்லை. இரவில் விமானங்கள் கிளம்பிப் போய்த் திரும்பி வந்து இறங்கும் வழக்கமான வேலை.

வழக்கமான வேலை என்று எழுதிவிட்டேன். அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

தரையில் இருக்கும் ஓடுபாதை இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளம். கப்பலில் இறங்கும் பாதை அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. தளத்தின் குறுக்கே நான்கு எஃகு வடங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மீட்டர் இடைவெளி. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும், இருபது டன் அளவு எடையுள்ள விமானம் அந்த வடங்களில் ஒன்றைக் கொக்கியால் பிடிக்க வேண்டும். பிடித்தால் இரண்டு சொச்சம் வினாடியில் நின்றுவிடும். எல்லாம் கச்சிதமாக இருந்தால், கப்பலின் பின்விளிம்பைத் தாண்டும்போது கொக்கிக்கும் விளிம்புக்கும் நடுவே நாலு மீட்டர் சொச்சம் இருக்கும். நம் வீட்டு ஒரு மாடி உயரம்.

வினோதம் என்னவென்றால், சக்கரம் தளத்தைத் தொட்ட அந்த நொடியில் விமானி வேகத்தைக் குறைக்க மாட்டார், எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுவார். கொக்கி எந்த வடத்திலும் மாட்டாமல் போனால் மறுபடி பறந்தாக வேண்டுமே. அப்படி மாட்டாமல் எழும்பிப் போவதற்கு போல்ட்டர் என்று பெயர். போல்ட்டர் சாத்தியமாவதே இறங்கும் பாதை கப்பலின் நீளத்துக்குச் சில பாகை இடப்பக்கமாகச் சாய்த்து அமைக்கப்பட்டிருப்பதால்தான். 1951இல் பிரிட்டிஷ் கடற்படையின் டென்னிஸ் கேம்ப்பெல் கொடுத்த யோசனை அது. அதற்கு முன்பெல்லாம் பாதை கப்பலின் நீளத்துக்கு நேராக இருந்தது. வடத்தைத் தவறவிட்டால் முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்களுக்குள் போய் மோத வேண்டியதுதான், நடுவில் ஒரு வலையைக் கட்டி வைத்திருப்பார்கள்.

சாய்ந்த பாதைக்கு ஒரு விலையும் உண்டு. கப்பல் நேராக முன்னே போகிறது, பாதையோ இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே பின்னாலிருந்து வரும் விமானியின் கண்ணுக்குப் பாதை எப்போதும் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அவரும் விடாமல் வலப்பக்கம் திருத்திக்கொண்டே வர வேண்டும். குறைவாகத் திருத்தினால் இடப்பக்கம் கடல். அதிகமாகத் திருத்தினால் வலப்பக்கம் நிறுத்தி வைத்த விமானங்கள், அவற்றைச் சுற்றி மனிதர்கள்.

உயரத்தைக் காட்ட ஒரு விளக்கு. இதன் ஆதி வடிவத்தை உருவாக்கியவர் நிக்கோலஸ் குட்ஹார்ட், இவரும் பிரிட்டிஷ் கடற்படைக்காரர். ஒரு கைக்கண்ணாடியும் லிப்ஸ்டிக்கும் வைத்து மேசை மேலேயே இந்தத் தத்துவத்தைச் செய்து காட்டினார் என்பார்கள். கண்ணாடியில் ஒளிப்புள்ளி, அதன் உயரத்துக்கு ஒரு கோடு. புள்ளியைக் கோட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்து வந்தால் சரியான இடத்தில் வந்து முட்டுவீர்கள். நிமிட்ஸ் காலத்தில் கண்ணாடிக்குப் பதில் லென்ஸ். நடுவில் மஞ்சள் உருண்டை, இரண்டு பக்கமும் பச்சை விளக்குகள். உருண்டை பச்சைக்கு மேலே போனால் நீங்கள் உயரம், கீழே போனால் தாழ்வு, சிவப்பானால் ரொம்பவே தாழ்வு. கடைசி முக்கால் மைலில் விமானி வானொலியில் உருண்டையைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, மிச்சமிருக்கும் எரிபொருளையும் சொல்வார். அங்கிருந்து இறங்க பதினைந்து, பதினெட்டு வினாடி. தளத்தின் இடது பின்மூலையில் எல்.எஸ்.ஓ. என்று அழைக்கப்படும் இன்னொரு விமானி நின்று, கண்ணால் பார்த்தே வழிநடத்துவார். அவர் கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்குகள் எரியும், வந்த விமானம் மறுபேச்சு இல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும்.

இது பகல் கணக்கு. இரவில் அடிவானம் கிடையாது. கடலும் வானமும் ஒரே கறுப்பு, அதில் தனியாக மிதக்கும் சில விளக்குகள். இருட்டில் ஒரே ஒரு ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் அது தானாக நகர்வது போலத் தோன்றும், மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்த்த யாருக்கும் தெரியும். மாடியில் படுத்திருப்பவருக்கு அது வேடிக்கை. வியட்நாம் போர்க் காலத்தில் விமானிகளின் உடம்பில் கருவி பொருத்தி இதயத்துடிப்பை அளந்தார்கள். எதிரியின் மேல் குண்டு போடும்போது இருந்த துடிப்பைவிடச் சொந்தக் கப்பலில் வந்து இறங்கும்போது இருந்த துடிப்பு அதிகம்.

இரவில் கப்பலில் இறங்குவது ஒன்றும் அப்போதைய புதுமை அல்ல. திட்டமிட்டுச் செய்த முதல் இரவு இறக்கம் 1925 ஏப்ரலில், லாங்லி என்ற கப்பலில் நடந்தது. 1944 ஜூன் 20 அன்று, பிலிப்பைன் கடல் போரில், 200க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் எரிபொருள் தீரும் நிலையில் இருட்டில் திரும்பி வந்தன. ஜப்பானிய நீர்மூழ்கிகள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அட்மிரல் மிட்ச்சர் கப்பல்களின் விளக்குகளையெல்லாம் போடச் சொன்னார். அப்படியும் சுமார் 80 விமானங்கள் கடலில் விழுந்தோ இறங்கும்போது நொறுங்கியோ போயின. அன்று எதிரி சுட்டு வீழ்த்தியதைப் போல இது நாலு மடங்கு.

*

மே 26, நள்ளிரவுக்குச் சற்று முன். வந்துகொண்டிருந்தது ஈஏ-6பி ப்ரௌலர். எதிரியின் ரேடாரை மின்னணுக் குறுக்கீட்டால் குருடாக்குவதற்கென்றே கட்டிய விமானம். நாலு இருக்கை, அன்று மூன்று பேர். மூவரும் மரீன் படையினர், வட கரோலினாவின் செர்ரி பாயின்ட் தளத்தைச் சேர்ந்த பிரிவு. ஏற்கெனவே ஒருமுறை முயன்று இறங்க முடியாமல் போயிருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டு வந்தது. மறுபடி வந்தார்கள்.

விமானம் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கமாக விலகியது. கொக்கி வடத்தில் மாட்டவில்லை. நிறுத்தி வைத்திருந்த விமானங்களுக்குள்ளும் அவற்றின் நடுவே வேலை செய்துகொண்டிருந்த ஆட்களுக்குள்ளும் போய் மோதி எரிந்தது.

தளத்தில் நின்ற அந்த ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமானந்தாங்கியின் தளத்தில் காதைப் பிளக்கும் சத்தம், யாரும் யாரோடும் பேச முடியாது. அதனால் சட்டை நிறமே அடையாளம். மஞ்சள் சட்டை விமானங்களை வழிநடத்துபவர், ஊதா எரிபொருள் நிரப்புபவர், சிவப்பு ஆயுதங்களும் தீயணைப்பும், பச்சை வடங்களையும் ஏவுபொறியையும் பார்ப்பவர், நீலம் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர், பழுப்பு ஒவ்வொரு விமானத்தையும் பராமரிப்பவர். பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்தவர்கள். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்கூட நிற்பார்கள்.

மோதியதும் இவர்கள்தான் ஓடிவந்து தீயை அணைத்தார்கள். அணைந்துவிட்டது என்று நினைத்து இடிபாடுகளை அகற்ற ஆரம்பித்த நேரத்தில், குப்பைக்குள் சூடேறிக் கிடந்த ஒரு ஸ்பாரோ ஏவுகணையின் வெடிமுனை வெடித்தது. தீ மறுபடி பிடித்துப் பரவியது. அதற்குப் பிறகு இன்னும் சில வெடிமுனைகள். மொத்தம் 14 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்த மூவர், தளத்தில் 11 பேர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயம்.

அந்த இரண்டாவது வெடிப்பைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அது புது விஷயமே கிடையாது. 1967 ஜூலை 29 அன்று வியட்நாமுக்கு அப்பால் ஃபாரஸ்டல் கப்பலின் தளத்தில் தீப்பிடித்தபோது, முதலில் ஓடிப்போன பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழுவையே சூடேறிய குண்டு கொன்றது. மொத்தச் சாவு 134. 1969 ஜனவரியில் என்டர்பிரைஸ் கப்பலில் கிட்டத்தட்ட அதே கதை. தீயில் வெந்த வெடிபொருள் தன் நேரத்துக்கு வெடிக்கும் என்பதைக் கடற்படை இரண்டு முறை பாடமாகப் படித்திருந்தது.

நிமிட்ஸ் துறைமுகத்துக்கு வந்து, சில நாட்களிலேயே மறுபடி கடலுக்குக் கிளம்பிவிட்டது. மூன்று மாதத்துக்குள், ஆகஸ்ட் 19 அன்று, அதன் எஃப்-14 விமானங்கள் சித்ரா வளைகுடாவில் இரண்டு லிபிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தி மறுபடி தலைப்புச் செய்தி ஆயின.

*

ஆனால் இடையில், ஜூன் மாதம், வேறொரு தலைப்புச் செய்தி. பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டைக் கவனிக்கும் நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர் ஜோசஃப் அடாபோ ஒரு தகவலை வெளியிட்டார். இறந்த தளப் பணியாளர்களின் பிரேதப் பரிசோதனையில், அவர்களில் சிலருடைய உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு எஞ்சினியராக எனக்குக் கை பரபரக்கும். கஞ்சாவின் தடயம் என்றால் என்ன? புகைத்தவருக்குப் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உடைந்த மிச்சம் கொழுப்பில் தங்கி நாட்கணக்கில், தினமும் புகைப்பவருக்கு வாரக்கணக்கில்கூடக் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே தடயம் சொல்வது ஒன்றுதான்: இந்த ஆள் சமீபத்தில் எப்போதோ புகைத்திருக்கிறார். அந்த இரவு அவர் போதையில் நின்றாரா என்று அது சொல்லாது. அப்படியே போதையில் நின்றிருந்தாலும் விமானத்தை ஓட்டியவர் அவர் இல்லை. நடுக்கோட்டை விட்டு விலகி வந்த விமானம் அவர் மேல் மோதியிருக்கிறது. தளப் பணியாளர்களின் கஞ்சாவுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று கடற்படையே சொன்னது.

சொல்லி என்ன பயன்? நிமிட்ஸ், விபத்து, கஞ்சா மூன்றும் ஒரே வரியில் வந்தாகிவிட்டது. நடுவில் ஒரு "அதனால்" என்பதை வாசகர்களே போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் தேடிப் பாருங்கள், தளத்துப் பையன்களின் போதைதான் விபத்துக்குக் காரணம் என்று அடித்து எழுதியவர்கள் கிடைப்பார்கள்.

விமானியின் உடலிலும் ஒன்று கிடைத்தது. அது பிறகு வெளியே வந்தது, அவ்வளவு சத்தம் போடவில்லை. ப்ரோம்ஃபெனிரமைன், சளி மாத்திரையில் இருக்கும் மருந்து, வழக்கமாக எடுக்கும் அளவைவிட மிக அதிகமாக. நம் ஊர் மருந்துக்கடையில் சளிக்குக் கொடுக்கும் பெரும்பாலான மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமைனுக்கு அது கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. மூக்கு ஒழுகுவதை நிறுத்தும். கூடவே தூக்கம் வரவைக்கும், எதிர்வினையை மந்தமாக்கும், கண்ணைக் கொஞ்சம் மங்கலாக்கும். அந்தப் பதினைந்து வினாடிக்கு என்னென்ன தேவையோ ஒவ்வொன்றிலும் கை வைக்கும். விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாக அதைச் சொன்னார்கள்.

அந்த விமானியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஏன் மாத்திரை போட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மூக்கடைத்திருந்தால் விமானி பறக்கக் கூடாது, காதும் சைனஸும் அழுத்தத்தில் வெடித்துவிடும் போல வலிக்கும். மருத்துவரிடம் சொன்னால் பறப்பதிலிருந்து நிறுத்திவிடுவார். நிறுத்தினால் குழுவில் ஓர் ஆள் குறையும், இரவு இறக்கப் பயிற்சிக் கணக்கு குறையும், வேறொருவர் சேர்த்துப் பறக்க வேண்டும். இது அந்த மனிதரைப் பற்றிய தகவல் இல்லை, அவர் மனதில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. சளியோடு வேலைக்குப் போன எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவத்தில் போதை அன்றைக்கு நிஜப் பிரச்சினைதான், அதை மறைத்து எழுதினால் நானும் அதே தப்பைச் செய்கிறவன் ஆவேன். 1980இல் பாதுகாப்புத் துறையே எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய 30 நாட்களில் ஏதாவதொரு போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகச் சொன்ன படையினர் 27.6 சதவீதம். வியட்நாமிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு 1971இலேயே நிக்சன் சிறுநீர்ப் பரிசோதனை கொண்டுவந்திருந்தார். ஆனால் அதன் முடிவை வைத்துத் தண்டிக்க வழக்குத் தீர்ப்புகள் தடையாக இருந்தன. நிமிட்ஸ் விபத்துக்குப் பிறகு, அந்த வருடம் முடிவதற்குள், 1981 டிசம்பர் 28 அன்று பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் ஃப்ராங்க் கார்லூச்சி போட்ட குறிப்பாணை அந்தத் தடையைத் தளர்த்தியது. கடற்படைத் தலைவர் தாமஸ் ஹேவர்ட் என் கடற்படையில் இது கிடையாது என்று முழங்கினார். கோப்பைகள் வந்தன. அவசரத்தில் ஆய்வகங்கள் சொதப்பியதும் உண்டு. பரிசோதனை நடைமுறைகள் கோளாறாக இருந்ததால் படையினர் பலரின் முடிவுகளைப் பிற்பாடு மறு ஆய்வு செய்ய வேண்டி வந்தது. ஆனால் போதைப் பழக்கம் குறைந்தது. 1998 கணக்கெடுப்பில் அதே 30 நாள் கேள்விக்கு ஆம் என்றவர்கள் மூன்று சதவீதத்துக்கும் கீழே.

எனவே கொள்கை வென்றது என்று சொல்லலாம். எந்த விபத்தின் பேரில் அது வேகம் பிடித்ததோ அந்த விபத்தோடு அதற்கு என்ன சம்பந்தம் என்பதுதான் என் குடைச்சல். அந்தக் கோப்பை தேடிய பொருள்களின் பட்டியலில் ப்ரோம்ஃபெனிரமைன் இல்லை.

*

இதை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்றால், நானும் ஒரு விபத்து அறிக்கை எழுதியிருக்கிறேன்.

அது வேறு நிறுவனம், சில வருடம் கழித்து. ஒரு சனிக்கிழமை இரவு ரிலீஸ். இரண்டு மணிக்கு ஒரு பையன் தவறான சர்வரில் ஒரு கமாண்ட் ஓட்டிவிட்டான். நாலு மணி நேரம் சேவை நின்றது. யாரும் சாகவில்லை, பணம் மட்டும்தான். திங்கட்கிழமை க்ளையண்டுக்கு ஆர்.சி.ஏ. அனுப்ப வேண்டும், அதாவது மூல காரணம் என்ன என்ற அறிக்கை. எழுதியது நான். இரண்டு சர்வரின் பெயரும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது எனக்குத் தெரியும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் ஸ்க்ரிப்ட் ஆறு மாதமாக உடைந்து கிடந்தது என்பதும் தெரியும், அதைச் சரிசெய்யும் டிக்கெட் என் பெயரில் இருந்தது. பையன் காலை ஒன்பதிலிருந்து உட்கார்ந்திருந்தான். அறிக்கையில் நான் எழுதியது "மனிதத் தவறு". தீர்வு என்ற கட்டத்தில், இனி ஒவ்வொரு கமாண்டுக்கும் இரண்டாவது ஆளின் ஒப்புதல் வேண்டும் என்று போட்டேன். க்ளையண்டுக்கு ரொம்பத் திருப்தி. எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அந்தப் பையன் அறிக்கையைப் படித்துவிட்டு, "பரவால்லண்ணா, நான்தானே ஓட்டினேன்" என்றான். அடுத்த மதிப்பீட்டில் அவனுக்குக் கிடைத்தது கடைசி ரேங்க்.

நிமிட்ஸையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, தெரியும். பதினான்கு உயிர் எங்கே, நாலு மணி நேரம் எங்கே. ஆனால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று கர்சர் மினுங்கிக்கொண்டிருக்கும்போது எந்தக் காரணம் கைக்கு வருகிறது என்பது எனக்கு உள்ளிருந்து தெரியும். ஸ்க்ரிப்டைச் சரிசெய்வது மூன்று வார வேலை, பட்ஜெட் வேண்டும், யாரோ மேலே உள்ளவர் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். கீழே உள்ளவனுக்கு ஒரு புது விதி போடுவது அரை மணி நேரம்.

*

கடற்படை அந்த இன்னொரு வேலையையும் செய்தது. ஃபாரஸ்டல், என்டர்பிரைஸ், நிமிட்ஸ் மூன்றையும் முன்வைத்து, தீயில் வெந்தாலும் சட்டென்று வெடித்துவிடாத வெடிபொருள்களை உருவாக்குவதை 1984இல் தன் கொள்கையாக அறிவித்தது. வெடிமருந்தின் வேதியியலை மாற்றி, ஏவுகணையின் உறையை மாற்றி, எரியும் எரிபொருளில் போட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்து, வருடக்கணக்கில் நடந்த மெதுவான வேலை. அந்த இரவு நடந்ததற்கு நேரடியாகப் பதில் சொன்னது அதுதான். அதைப் பற்றி எந்த ஜனாதிபதியும் தொலைக்காட்சியில் உரையாற்றவில்லை.

இரவில் இறங்குவது மட்டும் இரவில் இறங்குவதாகவே இருந்தது. 1998 நவம்பர் 8, வர்ஜீனியாவுக்கு அப்பால் என்டர்பிரைஸ் கப்பல், அதே ப்ரௌலர் வகை விமானம், இரவு. பாதையில் இறங்கிய ஒரு எஸ்-3 விமானம் இன்னும் ஒதுங்கியிருக்கவில்லை. அடுத்து வந்த ப்ரௌலரை எழும்பிப் போகச் சொன்ன சமிக்ஞை தாமதமாகப் போனது. மோதியது. எஸ்-3இல் இருந்த இருவர் வெளியே தூக்கி வீசப்பட்டுப் பிழைத்தார்கள், ப்ரௌலரின் நால்வரும் இறந்தார்கள். அதற்குள் கப்பலில் எல்லோரும் வருடக்கணக்காகக் கோப்பையில் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னுடைய முடிவு மூன்று நாளில் மின்னஞ்சலில் வந்தது. பிடிஎஃப், இரண்டு பக்கம். பத்துப் பொருள்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நெகட்டிவ்'. போன மாதம் பழைய மெயில்களைத் தேடி எடுத்து, இந்தக் கட்டுரைக்காக அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்தேன். குளோர்ஃபெனிரமைன் இல்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான்.

அன்றே எனக்கு ப்ராஜெக்டின் ஐடி, பாஸ்வேர்ட் எல்லாம் வந்துவிட்டது. சளி அப்போதும் விடவில்லை. இரவு பத்தரைக்கு முதல் ரிலீஸ். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.